ஈறு இறங்கிடுச்சா? மேலண்ணத் துண்டு, தானத் தோல், பன்றி கொலாஜன், நம்ம ரத்தம்... எந்த ஒட்டு தாங்கும்?

ஒரு ரிசப்ஷன் செல்ஃபியை ஸ்டேட்டஸ் போடுறதுக்கு முன்னாடி ஜூம் பண்ணிப் பார்த்தப்பதான் கவனிச்சேன். இடது பக்கக் கோரைப்பல் மட்டும் மத்ததைவிட நீளமா இருக்கு. இருபத்தெட்டு வயசுல பல் வளராது. அப்போ ஈறுதான் மேலே ஏறியிருக்கு. ஐஸ் போட்ட ஜூஸ் குடிக்கும்போதெல்லாம் அந்த இடத்துல சுளீர்னு இழுத்ததுக்கும் அன்னிக்குத்தான் காரணம் புரிஞ்சது.

பல் டாக்டர் கோடு போட்ட சின்னக் கம்பியை வெச்சு அளந்துட்டு, "3 மில்லிமீட்டர்"னு சொன்னாங்க. அப்புறம் சீட்டைத் திருப்பி, பின்பக்கத்துல சி.டி.ஜி, ஏ.டி.எம், எக்ஸ்.சி.எம், பி.ஆர்.எஃப்னு நாலு பேர் எழுதி, பக்கத்துல நாலு ரேட்டும் எழுதினாங்க. "யோசிச்சுட்டு வாங்க." அவ்வளவுதான். பதினஞ்சாயிரம் ரூபா போன் வாங்கினாலே கேமரா, பேட்டரின்னு ஒரு பக்கத்துக்கு விவரம் தர்றாங்க. வாய்க்குள்ள வெச்சுத் தைக்கப்போற பொருளுக்கு ஒரு வரி இல்லை. அதனால அந்தச் சீட்டை வெச்சுக்கிட்டு நானே படிக்க ஆரம்பிச்சேன். இந்தக் கட்டுரை அப்படி வந்ததுதான்.

ஈறு ஏன் இறங்குது?

(மேல்பல்லுல ஏறுது, கீழ்ப்பல்லுல இறங்குது. ஆனா ஊர்ல எல்லாரும் 'ஈறு இறங்கிடுச்சு'ன்னுதான் சொல்றோம். அப்படியே வெச்சுக்குவோம்.)

பாத்திரம் தேய்க்கிற மாதிரி பக்கவாட்டுல அழுத்தித் தேய்க்கிற பழக்கம் ஒரு முக்கியக் காரணம். எனக்கு அதுதான். வலது கைக்காரங்களுக்கு இடது பக்கக் கோரைப்பல்லுலதான் பிரஷ் முழு வேகத்தோட போய் இடிக்கும். பல் வரிசையை விட்டு வெளியே துருத்தி நின்னா அது மேல எலும்பும் ஈறும் மெல்லிசா இருக்கும், சீக்கிரம் விலகிடும். கிளிப் போட்டுப் பல்லை நகர்த்தும்போதும் சிலருக்கு இப்படி ஆகும். புகையிலை அதக்குற இடம், நாக்குல குத்துற வளையம் உரசுற இடம் இதெல்லாமும் லிஸ்ட்ல உண்டு. காரை படிஞ்சு ஈறு நோய் வந்து இறங்குறது தனி ரகம். அங்கே நோயைச் சரிபண்ணாம எந்த ஒட்டு வெச்சும் பிரயோஜனம் இல்லை.

இறங்கின ஈறு எல்லாத்துக்கும் ஆபரேஷன் தேவையும் இல்லை. கூச்சம் இல்லை, வேரில் சொத்தை இல்லை, பார்க்க அசிங்கமாகவும் இல்லைன்னா அளவைக் குறிச்சு வெச்சு, ஆறு மாசத்துக்கு ஒருமுறை கூடுதான்னு பார்த்தாலே போதும். கூச்சம் மட்டும்தான் பிரச்னைன்னா பேஸ்ட், வார்னிஷ், சின்ன ஃபில்லிங்னு வழி இருக்கு. அளவு கூடிக்கிட்டே போகுது, பிரஷ் வைக்கவே முடியலை, சிரிக்கவே கூச்சமா இருக்குன்னா அப்போதான் ஒட்டு பத்திப் பேசணும்.

இடுக்கு எலும்புதான் முதல் கேள்வி

பொருளை ஒப்பிடுறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கணும். எவ்வளவு வேர் மூடும்ங்கிறதை, வைக்கிற பொருளுக்கு முன்னாடியே பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல இருக்கிற எலும்பும் ஈறும் தீர்மானிச்சுடும்.

1985-ல் மில்லர் என்ற அமெரிக்க டாக்டர் இதை நாலு வகுப்பாகப் பிரித்தார். முதல் ரெண்டு வகுப்பில் இடுக்கு எலும்பு அப்படியே இருக்கும். அங்கே வேரை முழுசா மூட வாய்ப்பு உண்டு. மூணாவதில் ஓரளவுதான். நாலாவதில் எதிர்பார்க்கவே வேண்டாம். 2011-ல் இத்தாலியின் கைரோ குழு இதையே ஆர்.டி 1, 2, 3 என்று சுருக்கியது. இப்போ பல டாக்டர்கள் இதைத்தான் எழுதுறாங்க. உங்க சீட்டுல ஆர்.டி 1-னு இருந்தா சந்தோஷப்படலாம். ஆர்.டி 3-னு இருந்தா, "விலை கூடுன ஷீட் வெச்சா முழுசா மூடிடும்"னு யார் சொன்னாலும் பர்ஸை உள்ளே வைங்க.

இன்னொரு விஷயம். ஒட்டே இல்லாமலும் செய்யலாம். இருக்கிற ஈறையே கொஞ்சம் பிரிச்சு, பல்லோட முனைப்பக்கமா இழுத்துத் தைப்பாங்க. ஈறு 0.8 மில்லிமீட்டருக்கு மேல தடிமனா இருந்தா இதுவே நல்லா வேலை செய்யுது. அதைவிட மெல்லிசான ஈறுன்னா, இழுத்துத் தைச்சதுக்கு அடியில ஒரு மெத்தை வேணும். அந்த மெத்தைதான் கிராஃப்ட். ஒட்டு மாங்கன்று மாதிரியே, ஒட்டுற இடத்துல உயிர் பிடிச்சாதான் நிக்கும்.

இதுல சிக்கல் என்னன்னா, பல் வேரோட மேற்பரப்புல ரத்தக்குழாய் கிடையாது. பாறை மேல நாத்து நடுற கதை. ஒட்டு முதல் ரெண்டு, மூணு நாள் சுத்தியிருக்கிற திசுவிலிருந்து கசியுற நீர்லதான் பிழைக்கும். அதுக்கப்புறம்தான் பக்கத்துல இருந்து நுண்குழாய்கள் உள்ளே வளரும். அந்த நாட்கள்ல ஒட்டு அசைஞ்சா முடிஞ்சது. இதை மனசுல வெச்சுக்கிட்டா மீதி எல்லாம் சுலபமா புரியும்.

சி.டி.ஜி: நம்ம மேலண்ணத்துல இருந்து

ஐம்பது வருஷத்துக்கும் மேல பழைய முறை ஒண்ணு இருக்கு. மேலண்ணத்தோட மேல்தோலோட சேர்த்து ஒரு பட்டையை வெட்டி எடுத்து, ஈறு இறங்கின இடத்துல வெளியே தெரியுற மாதிரியே தைக்கிறது. 'ஃப்ரீ ஜிஞ்சைவல் கிராஃப்ட்'னு பேர். ஈறு கெட்டியாகும். ஆனா நிறம் சேராது. சைக்கிள் டியூப்ல ஒட்டின பஞ்சர் பேட்ச் மாதிரி வெளிறித் தெரியும். அதனால இப்போ அதைப் பெரும்பாலும் கீழ்த்தாடை முன்பற்கள் மாதிரி, வெளியே தெரியாத, ஈறே போதாத இடத்துக்குத்தான் வெச்சிருக்காங்க.

1985-ல் லாங்கர் தம்பதி எழுதிய முறை இதை மாத்திச்சு. மேல்தோலை விட்டுட்டு, அதுக்கு அடியில இருக்கிற இணைப்புத் திசுவை மட்டும் உருவி எடுத்து, ஈறுக்கு அடியில செருகினாங்க. கீழே இருந்தும், மேலே மூடியிருக்கிற ஈறுல இருந்தும் ரெண்டு பக்கமும் ரத்தம் கிடைக்கும். பிழைக்கிற வாய்ப்பு கூடும். வெளியே தெரியுறது பழைய ஈறுதான், அதனால நிறமும் சேரும். இதுதான் சி.டி.ஜி.

இதுக்கு இன்னொரு பலம் இருக்கு. மேல வளர்ற தோல் எப்படி இருக்கணும்னு சொல்லிக்கொடுக்கிறது அடியில இருக்கிற இணைப்புத் திசு. மேலண்ணத்துத் திசு, மெல்லுறதைத் தாங்குற கெட்டியான தோலை வளர்க்கத் தெரிஞ்ச திசு. அதை ஈறுக்கு அடியில கொண்டுபோய் வெச்சா அங்கேயும் அந்தக் குணத்தைக் காட்டும். டப்பாவுல வர்ற எந்த ஷீட்லயும் உயிருள்ள செல் இல்லை. அது வெறும் சாரம். கொத்தனார் நம்ம உடம்புல இருந்துதான் வரணும்.

சரி, கஷ்டம்? ரெண்டு இடத்துல காயம். மேலண்ணத்துல வலி, சில நேரம் ரத்தக்கசிவு, சிலருக்குக் கொஞ்ச நாள் மரத்துப்போன உணர்வு. பின்பக்கத்துல ஒரு ரத்தக்குழாய் ஓடுது, அதனால கோரைப்பல்லுக்கும் முதல் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவுல இருக்கிற பகுதியிலதான் பெரும்பாலும் எடுப்பாங்க. எல்லாருக்கும் அங்கே தேவையான தடிமன் இருக்காது. ஒரு பல்லுன்னா சரி. ஆறு பல்லு வரிசையா இறங்கியிருந்தா அவ்வளவு நீளத் துண்டுக்கு எங்கே போறது? கடைசிக் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னாடி இருக்கிற மேட்டுல இருந்தும் எடுப்பாங்க, அங்கே வலி கம்மி. கிடைக்கிற துண்டும் சின்னதுதான்.

ஏ.டி.எம்: தானமா வந்த தோல்

இறந்தவங்க தானமா கொடுத்த தோல்ல இருந்து மேல்தோலையும் எல்லா செல்லையும் நீக்கிட்டா, கொலாஜனும் எலாஸ்டினும் கொண்ட வலை மட்டும் மிஞ்சும். அதுதான் ஏ.டி.எம். அமெரிக்காவுல 'அலோடெர்ம்'ங்கிற பேர்ல தீக்காயக்காரங்களுக்காக வந்தது, அப்புறம் பல் மருத்துவத்துக்குள்ள நுழைஞ்சது. செல் இல்லாததால உடம்பு எதிர்க்காது. உப்புநீர்ல ஊறவெச்சு, தேவையான நீளத்துக்கு வெட்டிக்கலாம். ஆறு பல்லுன்னாலும் கவலை இல்லை. மேலண்ணத்தைத் தொட வேண்டாம்.

கேட்க அற்புதமா இருக்கு. நானும் முதல்ல இதைத்தான் டிக் பண்ணி வெச்சிருந்தேன். அப்புறம்தான் ஹாரிஸ் என்ற அமெரிக்க டாக்டர் 2004-ல் வெளியிட்ட ஒப்பீட்டைப் படிச்சேன். சுமார் மூணு மாசத்துல பார்த்தப்போ ஏ.டி.எம் வெச்சவங்களுக்கு சராசரியா 93.4 சதவிகிதம் வேர் மூடியிருந்தது, மேலண்ணத் துண்டு வெச்சவங்களுக்கு 96.6. கிட்டத்தட்ட சமம். சுமார் நாலு வருஷம் கழிச்சு? மேலண்ணத் துண்டு 97-ல் அப்படியே நின்னது. ஏ.டி.எம் 65.8-க்கு இறங்கிடுச்சு. ஒரே ஒரு டாக்டர், சின்ன எண்ணிக்கை, அதுல சிலருக்கு ஏ.டி.எம்-மும் நல்லாவே நின்னிருக்கு. அதனால இதையே தீர்ப்பா எடுத்துக்கக் கூடாது. ஆனா விளம்பரத்துல வர்ற 'முன், பின்' போட்டோ எல்லாம் மூணு மாசப் போட்டோவா, மூணு வருஷப் போட்டோவான்னு இப்போ நான் தேதி பார்க்கிறேன்.

இன்னொரு நிபந்தனை: ஏ.டி.எம்-மை ஈறு முழுசா மூடியிருக்கணும். சி.டி.ஜி-யில ஓரம் கொஞ்சம் வெளியே தெரிஞ்சாலும் பிழைச்சுக்கும். இது அப்படி இல்லை.

எக்ஸ்.சி.எம்: பில்லைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்ட அக்கா

பஞ்சு மாதிரி இருக்கிற கொலாஜன் ஷீட். ஈறு அறுவை சிகிச்சைக்குன்னு அதிகம் ஆராய்ச்சி ஆனது பன்றியிலிருந்து எடுத்தது, 'மியூகோகிராஃப்ட்'ங்கிற பேர்ல வருது. டெக்சாஸைச் சேர்ந்த மெக்கயர், ஷேயர் ரெண்டு பேரும் ஒரே ஆளோட வாயில ஒரு பக்கம் இதையும் மறுபக்கம் மேலண்ணத் துண்டையும் வெச்சு 25 பேர்கிட்ட பார்த்தாங்க. ஒரு வருஷத்துல கொலாஜன் 88.5 சதவிகிதம், மேலண்ணத் துண்டு 99.3. வலியையும் சேர்த்துப் பார்த்தா இந்த வித்தியாசத்தை ஏத்துக்கலாம்னு சொல்றவங்க நிறைய. அஞ்சு வருஷத்துல அந்த இடைவெளி இன்னும் கொஞ்சம் விரிஞ்சது.

எங்க ஆபீஸ்ல ஒரு அக்கா, மத காரணத்தால பன்றி சம்பந்தப்பட்ட எதையும் தொடமாட்டாங்க. அவங்களுக்கு ஈறு ஆபரேஷன் ஆனப்போ ஒரு ஜெல் தடவியிருக்காங்க. வீட்டுக்கு வந்து பில்லைப் பார்த்து, அந்தப் பேரை கூகுள்ல போட்டப்பதான் அது என்னன்னு தெரிஞ்சது. அது 'எம்டோகெய்ன்' வகை: பன்றிக்குட்டியோட வளர்ற பல் மொட்டுல இருந்து எடுக்கிற எனாமல் புரதம். மருத்துவ ரீதியா அது மோசமான பொருள் இல்லை. மெக்கயர் குழுவே அதையும் மேலண்ணத் துண்டையும் ஒப்பிட்டு, 17 பேர்ல 9 பேரைப் பத்து வருஷம் கழிச்சும் கூப்பிட்டுப் பார்த்தது. ரெண்டும் நல்லாவே நின்னிருந்தது. ஆனா அக்காவோட வருத்தம் ரிசல்ட் பத்தினது இல்லையே. "கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன், என்கிட்ட யாருமே கேட்கலை"ன்னாங்க. ஒப்புதல் ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டிருக்காங்க. அதுல 'பயோமெட்டீரியல்'னு மட்டும் இருந்திருக்கு.

அதனால ஃபார்ம்ல பொருளோட பேரையும், அது மனுஷன், மாடு, பன்றி, மீன் எதுல இருந்து வந்ததுன்னும் எழுதச் சொல்லுங்க. மாட்டுக் கொலாஜனும் இங்கே புழக்கத்துல இருக்கு. மீன் கொலாஜன் மெம்பரேன் நம்ம சென்னையிலேயே தயாராகுது. சைவமா இருக்கிறவங்களுக்கும் இது முக்கியம். யார் மனசுக்கும் உறுத்தல் இல்லாத பொருள்னு பார்த்தா நம்ம உடம்புல இருந்து எடுக்கிறதுதான்.

பி.ஆர்.எஃப்: பத்து மில்லி ரத்தம்

நம்ம ஊர் கிளினிக் இன்ஸ்டா பக்கங்கள்ல இப்போ ஸ்டார் இதுதான். பிரெஞ்சு டாக்டர் ஜோசப் ஷுக்ரூன் 2001-ல் அறிமுகப்படுத்தினார். கையில இருந்து ரத்தம் எடுத்து, எந்த மருந்தும் கலக்காம உடனே சென்ட்ரிஃபியூஜ்ல சுத்தினா, நடுவுல மஞ்சளா ஒரு ஜெல்லி நிக்கும். அதை அழுத்தி ஷீட் ஆக்கி ஈறுக்கு அடியில வைப்பாங்க. காயம் ஆற உதவுற வளர்ச்சிக் காரணிகள் அதுல இருந்து ஒரு வாரத்துக்கும் மேல கசிஞ்சுக்கிட்டு இருக்கும். சென்ட்ரிஃபியூஜ் மெஷின் இருந்தா செலவும் கம்மி. எந்த மிருகமும் சம்பந்தப்படலை.

குறை என்னன்னா, ரெண்டு வாரத்துக்குள்ள கரைஞ்சுடும். மெத்தை மாதிரி தடிமன் கொடுத்து அங்கேயே தங்குற வேலையை அதுகிட்ட எதிர்பார்க்க முடியாது. ஈறை வெறுமனே இழுத்துத் தைக்கிறதைவிட இதைச் சேர்த்தா வேர் மூடுறது கொஞ்சம் கூடுதுன்னு சில ஆய்வுகள் சொல்லுது, கெட்டியான ஈறு பெருசா கூடுறதில்லை. என்னைக் கேட்டா இதோட அசல் உபயோகம் வேற இடத்துல இருக்கு: சி.டி.ஜி எடுத்த மேலண்ணக் காயத்து மேல பேண்டேஜ் மாதிரி இதை வெச்சுத் தைச்சா வலி குறையுது, சீக்கிரம் ஆறுது.

சீட்டுல இல்லாத ஒண்ணையும் சொல்லிடுறேன். பிரசவத்துக்கு அப்புறம் தானமா கிடைக்கிற நஞ்சுக்கொடியோட பனிக்குடச் சவ்வைப் பதப்படுத்தி, கதிர்வீச்சால கிருமி நீக்கி மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையோட திசு வங்கி கொடுக்குது. நம்ம நாட்டுப் பல் கல்லூரிகள்ல இதை வெச்சு ஈறு ஆய்வுகள் நடக்குது. ரொம்ப மெல்லிசு, தைக்காமலே ஒட்டிக்கும். சி.டி.ஜி-யை மிஞ்சினதா சொல்ற அளவுக்கு நீண்டகாலக் கணக்கு இன்னும் சேரலை.

மொத்தமா யார் ஜெயிக்கிறாங்க?

2018-ல் காக்ரேன் அமைப்பு 48 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து வெளியிட்ட அறிக்கையில மேலண்ணத் துண்டு முன்னாடி நிக்குது. அதை எடுக்க முடியாத, எடுக்க விரும்பாத இடத்துல ஏ.டி.எம், கொலாஜன் ஷீட், எனாமல் புரதம் மாற்றா இருக்கலாம்னு சொல்லுது.

கவனிங்க, இங்கே விலையும் தரமும் எதிர்த் திசையில போகுது. சிறந்த பொருள் நம்ம வாயிலேயே சும்மா இருக்கு. அதுல காசு போறது டாக்டரோட கைத்திறனுக்கும் நேரத்துக்கும்தான். இறக்குமதி ஷீட்தான் பில்லை ஏத்துது. செலவுக்கு யோசிக்கிறவங்க சென்னைன்னா கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிர்ல இருக்கிற தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியோட ஈறு சிகிச்சைத் துறையில காட்டலாம். காத்திருக்கணும்தான். தனியார்ல போறவங்க, கையில எடுக்கப்போறவர் பெரியோடான்டிக்ஸ்ல எம்.டி.எஸ் முடிச்சவரான்னு கேளுங்க. கூச்சமே வேண்டாம்.

தைச்சதுக்கு அப்புறம் நம்ம வேலையும் கொஞ்சம் இருக்கு. தையல் பிரிக்க பத்து, பதினாலு நாள் ஆகும். அந்த இடத்துல மட்டும் ரெண்டு, மூணு வாரத்துக்கு பிரஷ் கூடாது, குளோர்ஹெக்ஸிடின் மவுத்வாஷ்தான். ஆறின இட்லி, தயிர்சாதம் ஓகே. முறுக்கு, சிப்ஸ், சூடான ரசம் தள்ளி வைங்க. உதட்டைத் தூக்கிக் கண்ணாடியில பார்க்கிற ஆசைதான் பெரிய எதிரி. இழுத்த ஈறு அதுல அசைஞ்சுடும். சிகரெட் பிடிச்சா எந்த ஒட்டுக்கும் ரிசல்ட் குறையுது, காரணம் மேலே சொன்ன அதே ரத்த ஓட்டம். கடைசி ரிசல்ட்டைப் பார்க்க ஆறு மாசமாவது ஆகும். சிலருக்கு அதுக்கப்புறமும் ஈறு தானா துளி நகர்ந்து வரும். பழையபடி அழுத்தித் தேய்ச்சா திரும்பப் போகவும் செய்யும்.

நான் சி.டி.ஜி-க்கு டிக் போட்டு சீட்டைத் திருப்பிக் கொடுத்திருக்கேன், மேலண்ணக் காயத்துக்கு மட்டும் பி.ஆர்.எஃப். ஒரே பல், ஆர்.டி 1, மேலண்ணத்துல தடிமன் இருக்குன்னு ஊசி குத்திப் பார்த்துச் சொல்லிட்டாங்க. பக்கத்துப் பல்லுல 1 மில்லிமீட்டர் இறங்கியிருக்கு, கூச்சம் இல்லை. அதை இப்போதைக்குத் தொட வேண்டாம்னு முடிவு பண்ணி, அளவை போன் நோட்ஸ்ல தேதியோட எழுதி வெச்சிருக்கேன். ஹார்ட் பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டாச்சு. ஆபரேஷன் அடுத்த மாசம், சனிக்கிழமை காலையில.